வெந்நீர் ஊற்று ஊர்களுக்கு சைக்கிளில்: வாசகர் கேள்வி பதில்

ஜப்பானில் ஒரு வெந்நீர் ஊற்று ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு வழிகாட்டியோடு சைக்கிளில் போகும் சுற்றுலா பற்றி சென்ற இதழில் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பதில்கள் எல்லாமே தெற்கே கியூஷூ தீவில் பெப்பு, யுஃபுயின், குரோகாவா, அசோ என்று போகும் பாதையை வைத்துச் சொன்னவை. ஜப்பானில் ஊற்றுகளுக்குப் பஞ்சமே இல்லை, 27,000க்கு மேல் இருக்கின்றன. ஆனால் ஊருக்கும் ஊருக்கும் இடையில் சைக்கிளுக்கு ஏற்ற தூரமும், நடுவில் பார்க்க ஒரு மலையும் அமைந்த பாதை என்று கேட்டால் நான் முதலில் கை காட்டுவது இதைத்தான்.

கோயம்புத்தூர் வாசகர்: எனக்கு 54 வயது, மனைவிக்கு 50. ஞாயிற்றுக்கிழமைகளில் 30 கிலோமீட்டர் ஓட்டுவோம். ஒரு நிறுவனத்தின் திட்டத்தில் தினமும் 80 கிலோமீட்டர் போட்டிருக்கிறார்கள், இன்னொன்றில் 25இலிருந்து 50 வரைதான். கொடுக்கும் காசுக்கு 80 உள்ளதுதானே லாபம்?

குறைந்த தூரம் உள்ளதை எடுங்கள். வயதுக்காகச் சொல்லவில்லை, இருபத்தைந்து வயதுப் பையன் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

ரியோகான் என்கிற பாரம்பரிய விடுதியின் நேரக்கணக்கு தெரிந்தால் காரணம் புரிந்துவிடும். பிற்பகல் 3 மணி வாக்கில் அறை தருவார்கள். இரவுச் சாப்பாடு ஆறு அல்லது ஆறரைக்கு, சின்னச் சின்னத் தட்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக வரும், நாம் வந்து சேரும் நேரத்துக்கு அடுப்படி காத்திருக்காது. காலை 10 மணிக்கெல்லாம் அறையைக் காலி செய்ய வேண்டும். இதற்கு நடுவில், சாப்பாட்டுக்கு முன் ஒரு குளியல், படுக்கப் போகுமுன் ஒன்று, விடிந்ததும் ஒன்று என்று மூன்று முறையாவது ஊற்றுநீரில் இறங்குவதுதான் அங்கே தங்குவதன் பொருளே. விடுதிக் கட்டணத்தை அறைக்கு இவ்வளவு என்று வாங்குவதில்லை, இரண்டு வேளைச் சாப்பாடும் குளியலும் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்றுதான் பெரும்பாலும் வாங்குவார்கள். 80 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஐந்தே முக்காலுக்கு வந்து சேருகிறவர், அவசரமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்து, எட்டரைக்குத் தூங்கிவிடுவார். பணம் முழுசாகக் கொடுத்து, கிடைப்பதில் பாதியை விட்டுவிட்டு வருவது அது.

தூரம் குறைவு என்றாலும் பாதை லேசுப்பட்டதல்ல. பெப்பு கடலோர ஊர். அங்கிருந்து யுஃபுயின் சுமார் 25 கிலோமீட்டர்தான், ஆனால் 700 மீட்டருக்கு மேல் ஏறி, 1,583 மீட்டர் உயரமுள்ள யுஃபு மலையின் அடிவாரத்தை ஒட்டிப் போய், பிறகு கிண்ணம் போன்ற பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும். அடுத்து யுஃபுயினிலிருந்து குரோகாவா, 50 கிலோமீட்டரை ஒட்டி வரும். இதுதான் கடினமான நாள். யமனாமி நெடுஞ்சாலையில் ஏறிக்கொண்டே போய் மகினோதோ கணவாயில் 1,330 மீட்டரைத் தொடுவீர்கள். வழியில் சோஜபரு என்ற இடத்தில் கட்டாயம் இறங்கி நில்லுங்கள், கூஜூ மலைகளின் அடிவாரத்தில் ததேவரா என்ற சதுப்பு நிலம் இருக்கிறது, உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் 2005இல் சேர்ந்தது, மரப்பலகை நடைபாதையில் அரை மணி நேரம் நடந்தாலே கால் ஆறிவிடும். மூன்றாவது நாள் குரோகாவாவிலிருந்து அசோவின் உச்சினோமாகி, சுமார் 30 கிலோமீட்டர். அந்த 80 கிலோமீட்டர் திட்டம் எப்படி வந்திருக்கும் என்று இப்போது தெரிகிறதா? முதல் இரண்டு நாளையும் ஒரே நாளாக்கி, யுஃபுயினில் சாப்பிட மட்டும் நிறுத்தியிருப்பார்கள்.

சென்னை வாசகி: உடையில்லாமல்தான் குளிக்க வேண்டும் என்கிறார்கள். என்னால் முடியும் என்று தோன்றவில்லை. இதற்காகவே போகாமல் இருந்துவிடலாமா?

போங்கள். வழி இருக்கிறது.

முதலில் நடைமுறை. பொதுக்குளியல் அறைகள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. உடை மாற்றும் அறையில் கூடை இருக்கும், எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டு ஒரு சின்னத் துண்டோடு உள்ளே போக வேண்டும். நீச்சலுடை போடக்கூடாது. உள்ளே சுவரோரமாக வரிசையாகக் குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் முழங்கால் உயரம்கூட இல்லாத சின்ன முக்காலி, ஒரு வாளி, சோப்பு, ஷாம்பு. அதில் உட்கார்ந்து உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவி, நுரை ஒரு பொட்டுகூட இல்லாமல் அலசிவிட்டு, நாம் உட்கார்ந்த முக்காலியையும் அடுத்தவருக்காகக் கழுவிவைத்துவிட்டு, அதன் பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். தொட்டி அழுக்குப் போக்க இல்லை, ஊறுவதற்கு. துண்டை நீரில் நனைக்கக் கூடாது, மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள் அல்லது கரையில் வைப்பார்கள். நீளமான கூந்தலை உயர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள், முடி தண்ணீரில் படக்கூடாது. தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் அதைப் போக அலசிவிட்டுத்தான் இறங்க வேண்டும், இதை நம்மவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பது உண்மைதான்.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை என்றால் கஷிகிரி என்று கேளுங்கள். ஒரு குடும்பத்துக்கு மட்டும் நாற்பது நிமிடம், ஐம்பது நிமிடம் என்று தாழ்போட்டுத் தரும் தனிக்குளியல் அறை அது. பல விடுதிகளில் உண்டு, சிலவற்றில் இலவசம். இன்னும் கொஞ்சம் செலவழித்தால் அறைக்குள்ளேயே ஊற்றுநீர்த் தொட்டி உள்ள விடுதிகளும் இந்த நான்கு ஊர்களிலும் கிடைக்கும். சுற்றுலா நிறுவனத்திடம் முன்பணம் கட்டுவதற்கு முன்பே "எந்தெந்த இரவில் தனிக்குளியல் கிடைக்கும்?" என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். மாதவிலக்கு நாட்களில் பொதுத்தொட்டியைத் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, கொலுசு, மெட்டி, வெள்ளி மோதிரம் எதையும் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். பெப்புவின் மேற்புறம் உள்ள ம்யோபன் போன்ற இடங்களில் நீரில் கந்தகம் அதிகம், வெள்ளி கறுத்துவிடும்.

திருச்சி வாசகர்: நாங்கள் சுத்த சைவம், முட்டைகூடச் சேர்ப்பதில்லை. பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் இந்த விஷயத்தை அசட்டையாக விட்டால் ஏமாந்துபோவீர்கள். "மீன், இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது. அவர்களுடைய சூப்பு, குழம்பு, கீரை வதக்கல் எல்லாவற்றுக்கும் அடியில் தஷி என்ற சாறு இருக்கும், அது பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற கருவாட்டுச் சீவலில் எடுப்பது. தூத்துக்குடிக்காரர்களுக்கும் இலங்கை வாசகர்களுக்கும் சொன்னால் உடனே விளங்கும், மாசிக் கருவாடு செய்கிற அதே சூரை மீன்தான். கண்ணுக்கு டோஃபுவும் முள்ளங்கியுமாகத் தெரியும் கிண்ணத்தில் அது கலந்திருக்கும், பரிமாறுகிறவர் அதைச் சைவம் என்றே நினைத்துக் கொடுப்பார். "கட்சுவோ தஷியும் கூடாது, கொம்பு என்ற கடற்பாசியில் எடுத்த தஷி போதும்" என்று ஜப்பானிய மொழியில் எழுதி முன்கூட்டியே சமையல்காரர் கைக்குப் போக வேண்டும். வந்து உட்கார்ந்தபின் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, அன்றைய சமையல் காலையிலேயே தொடங்கிவிடும். புத்த மடங்களில் வளர்ந்த ஷோஜின் ரியோரி என்ற சைவச் சமையல் மரபு அந்த நாட்டில் இருக்கிறது, அந்தப் பெயரைச் சொன்னால் என்ன வேண்டும் என்று சட்டென்று புரிந்துகொள்வார்கள். வழிகாட்டி வேண்டும் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் இந்தச் சாப்பாட்டு விஷயம்தான்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி பெப்புவின் கன்னாவா பகுதியில் இருக்கிறது. அங்கே தெருவோரச் சாக்கடை மூடிகளின் இடுக்கில்கூட ஆவி வரும். பூமியிலிருந்து வரும் அந்த ஆவியையே குழாயில் பிடித்துக் கல் அடுப்புகளில் விட்டு, மேலே மரமூடி போட்டு வைத்திருக்கிறார்கள். ஜிகோகுமுஷி என்று பெயர். சர்க்கரைவள்ளி, பூசணி, சோளம், முட்டைக்கோஸ் எதை வேண்டுமானாலும் மூங்கில் தட்டில் அடுக்கி நீங்களே உள்ளே இறக்கலாம், மூடியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் ஆவியில் கந்தக வாடையும் லேசான உப்பும் இருக்கும், கையுறை கொடுப்பார்கள், கழற்றாதீர்கள். எண்ணெய் இல்லை, தஷி இல்லை, சர்க்கரைவள்ளி அப்படி இனிக்கும். ஒரே அடுப்பில் மற்றவர்கள் இறாலும் நண்டும் வேகவைப்பார்கள் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அதே கன்னாவாவில் ஒரு ஆவிக்குளியல் அறை இருக்கிறது, 1276இல் இப்பென் என்ற துறவி தொடங்கியது என்பது அவர்கள் மரபு. குனிந்து நுழைய வேண்டிய சின்னக் கதவு, உள்ளே தரையெல்லாம் செகிஷோ என்ற புல்போன்ற மூலிகை பரப்பி அதன்மேல் படுக்கச் சொல்வார்கள். அந்தச் செடி நம் வசம்பின் இனம். சைக்கிள் ஓட்டி இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் இதைத் தவறவிட வேண்டாம்.

யாழ்ப்பாணம் வாசகர்: கூகுள் வரைபடம் இருக்கும்போது வழிகாட்டி எதற்கு? நான் தனியாகவே பல நாடுகளில் சைக்கிள் ஓட்டியவன்.

வழி கண்டுபிடிக்க வழிகாட்டி தேவையில்லை, உங்களைப் போன்றவருக்கு நிச்சயமாகத் தேவையில்லை. இலங்கையைப் போல அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், தார் வழவழப்பாக இருக்கும், லாரிக்காரர்கள் பொறுமைசாலிகள். தனியாகப் போனால் சிக்கல் வேறு இடத்தில். பெட்டியை ஒரு விடுதியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் தக்யூபின் சேவை பிரமாதமானது, ஆனால் பொதுவாக மறுநாள்தான் போய்ச் சேரும், தினம் ஒரு ஊர் மாறுகிறவருக்கு அது தோதுப்படாது. பின்னால் வேன் வந்தால் பெட்டி நமக்கு முன்பே அறையில் இருக்கும். கணவாயில் மூடுபனி இறங்கினாலோ முழங்கால் மக்கர் செய்தாலோ வேனில் ஏறிக்கொள்ளலாம். ரயிலில் ஏற்ற வேண்டுமென்றால் சைக்கிளைக் கழற்றி முழுசாக ஒரு பைக்குள் மூடித்தான் ஏற்ற முடியும், அப்படியே உருட்டிக்கொண்டு ஏற விடமாட்டார்கள். சின்னக் குடும்ப விடுதிகள் பலவற்றில் ஆங்கிலம் இல்லை என்பதும் இருக்கிறது. இதையெல்லாம் சமாளிப்பேன் என்றால் தாராளமாகத் தனியாகப் போங்கள், மிச்சமாகும் பணத்தில் இன்னும் நல்ல விடுதியில் தங்கலாம். ஒற்றை ஆளுக்கு அறை தரத் தயங்கும் விடுதிகளும், தந்தால் கூடுதலாக வாங்கும் விடுதிகளும் உண்டு, அதைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.

குழுவோடு போகிறவர்கள் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், வேன் நாள் முழுக்கக் கூடவே வருமா அல்லது பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விடுமா, உங்கள் உயரத்துக்கு ஏற்ற அளவில் சைக்கிள் உண்டா, மின்சார உதவி சைக்கிள் கிடைக்குமா. இந்தக் கடைசிக் கேள்விக்கு வெட்கப்படவே வேண்டாம். ஜப்பானில் அந்த வகை சைக்கிளுக்கு மோட்டார் உதவி மணிக்கு 24 கிலோமீட்டரோடு நின்றுவிட வேண்டும் என்பது சட்டம், மிதிக்காமல் ஓடாது. கணவன் மனைவியில் ஒருவர் வேகமாகவும் ஒருவர் மெதுவாகவும் ஓட்டுகிறவர்களாக இருந்தால், மெதுவாக ஓட்டுகிறவருக்கு அதை எடுங்கள், மகினோதோ ஏற்றத்தில் சேர்ந்து பேசிக்கொண்டே போகலாம்.

சிங்கப்பூர் வாசகி: விடுப்பு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. எந்த ஊரில் இரண்டு இரவு தங்கலாம்?

குரோகாவா. பெரிய ஊர் இல்லை, ஒரு ஓடையின் இரு கரையிலும் மரங்களுக்குள் ஒளிந்திருக்கும் விடுதிகள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஊர் இப்படி ஆனதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

ஒரு காலத்தில் இங்கே ஆளே வராது. கோட்டோ தெட்சுயா என்ற இளம் விடுதிக்காரர், தன் விடுதிக்குப் பின்னால் இருந்த பாறையை உளியும் சுத்தியலுமாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் குடைந்து ஒரு குகைக்குளியல் அமைத்தார். சுற்றிலும் காட்டு மரங்களைக் கொண்டுவந்து நட்டு, வெட்டவெளித் தொட்டி கட்டினார். அவர் விடுதிக்கு மட்டும் கூட்டம் வந்தது. மற்றவர்கள் வந்து கேட்டபோது அவர் மறைக்காமல் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். ஆளாளுக்கு வெட்டவெளித் தொட்டி கட்டினார்கள், ஆனால் இரண்டு விடுதிகளுக்கு அதற்கு இடமே இல்லை. அவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் பிழைப்பதா என்று யோசித்து, 1986இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். மரத்தட்டு ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் எந்த விடுதியில் தங்கியிருந்தாலும் ஊரில் உள்ள மூன்று விடுதிகளின் தொட்டிகளில் குளிக்கலாம். உள்ளூர் மரத்தை வட்டமாக அறுத்துச் செய்த தட்டு அது, ஒவ்வொரு குளியலுக்கும் ஒரு முத்திரை. கண்ணை உறுத்தும் விளம்பரப் பலகைகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, வெட்டவெளியாகக் கிடந்த இடத்தில் எல்லாம் மரம் நட்டு, ஊர் மொத்தமும் ஒரே விடுதி, தெருக்கள் அதன் நடைபாதை என்று சொல்லிக்கொண்டார்கள். போட்டி போட்டு ஒருவரை ஒருவர் அழித்துக்கொண்ட சுற்றுலா ஊர்களை நாம் எவ்வளவோ பார்த்திருக்கிறோம், அதனாலேயே இந்த ஊரில் நடக்கும்போது மனசு நிறைகிறது.

ஆகவே இரண்டாவது நாள் சைக்கிளை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். தெருக்கள் செங்குத்து, படிக்கட்டு வேறு. யுகாட்டா என்ற மெல்லிய பருத்தி அங்கியை அணிந்து மரச்செருப்பில் நடப்பதுதான் அங்கே வசதி. யுகாட்டாவின் இடது மடிப்பு மேலே வர வேண்டும், வலது மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை, விடுதிப் பெண்மணி பதறிப்போய்த் திருத்துவார்.

சேலம் வாசகர்: இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஓட்டி முடித்த சூட்டோடு வெந்நீரில் இறங்கலாமா?

கூடாது. மாத்திரை சாப்பிடாதவர்களும் கூடாது. அரை மணி நேரமாவது உட்கார்ந்து, நிறையத் தண்ணீர் குடித்து, மூச்சும் நாடியும் அடங்கியபின் இறங்குங்கள். தொட்டி நீர் பெரும்பாலும் 40, 42 டிகிரி இருக்கும், சில பொதுக்குளியல்களில் அதற்கும் மேல். முதலில் காலிலிருந்து தொடங்கி வாளியால் ஊற்றிக்கொள்ள வேண்டும், பிறகு மெதுவாக இறங்கி ஐந்து நிமிடம், ஏறி உட்கார்ந்து, மறுபடி ஐந்து நிமிடம். எழும்போது சட்டென்று எழாதீர்கள், தலை சுற்றும். வயிறு முட்டச் சாப்பிட்டபின்னும் மது அருந்தியபின்னும் வேண்டாம். நீரில் என்னென்ன கலந்திருக்கிறது, எந்த நோய் உள்ளவர்கள் இறங்கக் கூடாது என்று ஒவ்வொரு இடத்திலும் பலகை வைக்கவேண்டும் என்பது சட்டம், அதை வழிகாட்டியைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஏற்றம், வெந்நீர் இரண்டையும் சொல்லி அனுமதி வாங்குங்கள்.

மதுரை வாசகர்: கையில் பச்சை குத்தியிருக்கிறேன். உள்ளே விடமாட்டார்களாமே? மதியம் ஒரு பீர் குடிக்கலாமா?

பச்சை பற்றி இடத்துக்கு இடம் விதி வேறு. சின்னதென்றால் மறைக்கும் பட்டி ஒட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள், பெரியதென்றால் தனிக்குளியல்தான் நிம்மதி. பீர் கூடவே கூடாது. சைக்கிள்தானே என்று நினைக்காதீர்கள், 2024 நவம்பரிலிருந்து லேசான போதையில் சைக்கிள் ஓட்டினாலும் தண்டனை உண்டு, கையில் போனைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறையோ ஒரு லட்சம் யென் வரை அபராதமோ விதிக்கலாம். வரைபடம் பார்க்க வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திப் பாருங்கள்.

டொராண்டோ வாசகி: எந்த மாதம்?

மே மாதம், தொடக்கத்தில் வரும் அவர்களுடைய விடுமுறை வாரம் கழிந்த பிறகு. அல்லது அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை, கூஜூ மலைகளில் இலை சிவக்கும். ஜூனிலிருந்து ஜூலை நடு வரை மழை, பிறகு புழுக்கம், புயல். குளிர்காலத்தில் கணவாய்ச் சாலை உறைந்துவிடும். மார்ச்சில் போனால் அசோவின் புல்வெளிகள் கருகிக் கிடக்கும், பயந்துவிடாதீர்கள், ஆண்டுதோறும் அவர்களே தீ வைப்பதுதான். மாடு மேய்க்கும் புல்வெளி காடாகிவிடாமல் இருக்க ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இப்படிச் செய்கிறார்கள், மே மாதம் அதே சரிவு பச்சைப் பசேலென்று இருக்கும்.

திருநெல்வேலி வாசகர்: எரிமலை, நிலநடுக்கம் உள்ள ஊருக்கு ஏன் போகச் சொல்கிறீர்கள்?

அந்த வெந்நீரே எரிமலையின் கொடைதான், ஒன்றில்லாமல் மற்றது இல்லை. குரோகாவாவிலிருந்து வரும்போது தைகன்போ என்ற 936 மீட்டர் உயரமுள்ள விளிம்பில் நின்று பார்த்தால் இது கண்முன்னே தெரியும். எதிரே அசோவின் ஐந்து சிகரங்கள், பரிநிர்வாணக் கோலத்தில் படுத்திருக்கும் புத்தர் என்று உள்ளூரார் காட்டுவார்கள். கீழே வடக்கு தெற்காக 25, கிழக்கு மேற்காக 18 கிலோமீட்டர் விரிந்த ஒரு பள்ளம், அவ்வளவும் பழைய எரிமலை வாய். அதற்குள் நெல் வயலும் ரயில் பாதையும் பள்ளிக்கூடமுமாக சுமார் 50,000 பேர் வாழ்கிறார்கள்.

உங்கள் பயம் நியாயமானதுதான். 2016 ஏப்ரலில் குமமோதோ நிலநடுக்கம் இந்தப் பகுதியைக் கடுமையாகத் தாக்கியது, அசோ வழியாகப் போகும் ரயில் பாதை 2020 ஆகஸ்ட்டில்தான் முழுசாகத் திரும்பியது. ஆனால் அங்கே எச்சரிக்கை அமைப்பு தூங்குவதில்லை. அசோவின் சிகரங்களில் ஒன்றான நகதாகேயின் எரிமலை வாயருகே போகலாமா என்பதை அன்றன்றைக்கு வாயு அளவைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள், மூடியிருக்கிறது என்றால் வழிகாட்டியிடம் கெஞ்சாதீர்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் திறந்திருந்தாலும் போக வேண்டாம். மலை மூடியிருந்தால் அன்றைக்கு உச்சினோமாகியிலேயே இருந்து, ஊருக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பொதுக்குளியல்களுக்கு ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள். சில்லறை யென் நாணயமும் சொந்தத் துண்டும் எடுத்துப்போங்கள், அங்கே சோப்பு இருக்காது.